இஸ்தோப்பில் அந்தூரியம்: வேருக்குக் காற்று, வீட்டுக்குச் சுகம்

நமது தோட்டங்களில் இஸ்தோப்பில் நாலு பூச்சாடி இல்லாத லயத்தைக் காண்பது அரிது. பால்மா டின், ஓட்டை வாளி, வாய் உடைந்த சட்டி என்று கையில் கிடைத்ததில் மண்ணைப் போட்டு ஒரு கன்றை நட்டு வைக்காத தாய்மார் இல்லை என்றே சொல்லலாம். காலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரத்திலும் அதற்கு ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பலரும் புறப்படுகிறார்கள்.

அப்படியிருந்தும், "ஆசையா வாங்கிட்டு வந்து வச்சேன், ரெண்டு மாசத்துல அழுகிப் போச்சு" என்ற பேச்சை நாம் எல்லாத் தோட்டங்களிலும் கேட்கிறோம். "எனக்குக் கைராசி இல்லீங்க" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சாடியில் வளரும் பூச்செடிகள் பெரும்பாலும் தண்ணீர் போதாமல் சாவதில்லை. தண்ணீர் கூடித்தான் சாகின்றன. அப்படிக் கூடிய தண்ணீர் சாடிக்கு அடியில் தேங்கி நின்றால், டெங்கு நுளம்பு அதில் முட்டை இடுகிறது. ஆகவே பூச்செடியை ஒழுங்காக வளர்ப்பது அழகுக்காக மட்டும் செய்யும் காரியமல்ல. வீட்டுப் பிள்ளைகளின் சுகமும் அதில் அடங்கியிருக்கிறது. இம்முறை நம்மவர்கள் அதிகம் விரும்பும் அந்தூரியத்தை முக்கியமாக எடுத்துக்கொண்டு இதனை விளக்குகிறோம்.

பிறந்த இடம்

அந்தூரியம் நமது நாட்டுச் செடி அல்ல. தென் அமெரிக்காவில் கொலம்பியா, ஈக்குவடோர் நாடுகளின் ஈரமான மலைக்காடுகள்தான் அதன் பிறப்பிடம். 1876ஆம் ஆண்டு எடுவார்ட் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர் கொலம்பியாவில் அதைக் கண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1889இல் அது ஹவாய் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து உலகம் முழுவதும் பேர் பெற்றது.

அந்தக் காட்டில் இந்தச் செடி எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால், அதை வளர்க்கும் முறை தானாக விளங்கும். அது பெரிய மரங்களின் கிளையிலும், அடிமரத்திலும், உக்கிய இலைச் சருகின் மேலும் வேர் விட்டு வளர்கிறது. மேலே மர நிழல், சுற்றி ஈரக் காற்று, அடிக்கடி மழை. ஆனால் பெய்த மழை வேரில் நிற்காமல் உடனே வடிந்து போகிறது. வேரைச் சுற்றி எப்போதும் காற்று இருக்கும். இதுதான் முக்கியம். வேரும் மூச்சு விட வேண்டும். இறுகிய களிமண்ணில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினால் வேருக்கு மூச்சு முட்டும், பிறகு அழுகும்.

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. மலையில் தேயிலைக்குக் கான் வெட்டுவது எதற்காக? தண்ணீர் தேங்கினால் தேயிலை வேரும் அழுகும் என்பதற்காகத்தானே. மலைக்குக் கான் எப்படியோ, சாடிக்கு அடியில் ஓட்டை அப்படி.

இன்னொரு விஷயம். அந்தூரியத்தில் நாம் பூ என்று சொல்லும் சிவப்பு மடல் உண்மையில் பூ அல்ல. அது நிறம் பிடித்த ஓர் இலை. அதன் நடுவில் திரி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அதில் நெருக்கமாக இருக்கும் சின்னஞ்சிறு புள்ளிகள்தான் பூக்கள். மடல் இலை வகையைச் சேர்ந்தது என்பதால்தான் அது வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது.

உங்கள் தோட்டம் எந்த உயரத்தில்?

அந்தூரியத்துக்குப் பகலில் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் இருந்தால் நல்லது. 15 பாகைக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி மந்தமாகும். மலையில் ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறு பாகை குளிரும். ஆகவே தோட்டத்தின் உயரத்தைப் பார்த்துச் செடியைத் தெரிவு செய்ய வேண்டும்.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தாழ்நிலத் தோட்டங்களிலும், கண்டி, பதுளைப் பக்கத்து நடுத்தர உயரத்துத் தோட்டங்களிலும் அந்தூரியம் இஸ்தோப்பிலேயே நன்றாக வரும்.

1,200 மீற்றருக்கு, அதாவது சுமார் 4,000 அடிக்கு மேலே உள்ள தோட்டங்களில் கொஞ்சம் கவனம் தேவை. நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் இரவுக் குளிர் 10 பாகைக்கும் கீழே போகும். அந்த நாட்களில் அந்தி சாய்ந்ததும் சாடியைக் காம்பராவுக்குள் எடுத்து வைத்து விடியும் போது வெளியில் வைக்கலாம். "அவ்வளவு வேலை யாருங்க பார்க்கிறது" என்பவர்களுக்குப் பிகோனியா நல்ல செடி. குளிரைத் தாங்கும்; ஒரு தண்டை முறித்து நட்டாலே வேர் விடும். ஆபிரிக்கன் வயலட் என்ற சிறு செடியும் யன்னல் ஓரத்தில் வளரும். அது கிழக்கு ஆபிரிக்காவின் மலைப் பாறை இடுக்குகளில் பிறந்தது. அதன் இலையில் தண்ணீர் பட்டால் வெளிறிய புள்ளிகள் விழும். ஆகவே இலையை நனைக்காமல் ஊற்ற வேண்டும். ஓர் இலையைக் காம்போடு கிள்ளி ஈரமான கலவையில் குத்தி வைத்தால் சில மாதங்களில் புதுக் கன்றுகள் முளைக்கும்.

வெளிச்சம்

நர்சரியில் தேயிலைக் கன்றுக்கு நிழல் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தூரியத்துக்கும் அதே மாதிரி நிழல் வேண்டும். நேர் வெயில் பட்டால் இலை வெளிறி, பிறகு காய்ந்த பழுப்பு நிறத் திட்டுகள் விழும். அதற்காக இருட்டுக் காம்பராவில் வைத்தால் இலை மட்டும் நீண்டு வளரும், பூ வராது. காலை இளவெயில் கொஞ்சம் பட்டு, மற்ற நேரம் வெளிச்சம் மட்டும் கிடைக்கும் இஸ்தோப்பு ஓரம்தான் பொருத்தமான இடம். புகை படும் என்பதால் அடுப்படி அருகே வைக்க வேண்டாம்.

சாடியும் கலவையும்

ஆறு முதல் எட்டு அங்குல வாயுள்ள மண்சாடி நல்லது. டின்னிலோ பிளாஸ்டிக் வாளியிலோ வைப்பதானால் அடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டை போட வேண்டும். ஒரே ஓட்டை போட்டால் அது அடைபட்டதும் தண்ணீர் நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். மலைக்கு அடிக்கும் மருந்து வந்த கேனை எவ்வளவு கழுவினாலும் சாடியாக வைக்க வேண்டாம். தண்ணீர் எடுக்கவும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு கழுவினால் போகாது.

கலவைக்குச் செலவு அதிகம் இல்லை:

தேங்காய் மட்டைத் துண்டு – 2 பங்கு
அடுப்புக் கரித்துண்டு – 1 பங்கு
உடைத்த செங்கல் துண்டு – 1 பங்கு
நன்றாக உக்கிய கூட்டுப்பசளை – 1 பங்கு

மட்டை பட்டணத்துத் தேங்காய்க் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அதைப் பெருவிரல் அளவு துண்டுகளாக வெட்டி ஒரு கிழமை தண்ணீரில் ஊற வைத்து, இடையில் இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். மட்டையிலுள்ள கறை இறங்காவிட்டால் இளம் வேர் கருகும். ஊறும் வாளியை இறுக்கமாக மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் அதிலேயே நுளம்பு முட்டை இடும்.

சாடியின் அடியில் ஓர் அங்குலம் செங்கல் துண்டு மட்டும் போட்டு, அதன் மேல் கலவையைப் போட்டு நடுங்கள். கையால் அமுக்கி இறுக்க வேண்டாம். செடி நிற்க ஒரு குச்சி ஊன்றிக் கட்டினால் போதும். நாள் போகப் போகத் தண்டு உயர்ந்து, இலைக்குக் கீழே வெள்ளை வேர்கள் காற்றில் தொங்கும். அவற்றை வெட்டக் கூடாது. ஊறிய தேங்காய்த் தும்பைத் தண்டைச் சுற்றி வைத்தால் வேர் அதில் பற்றிக்கொள்ளும்.

தண்ணீர்: விரலைக் கேளுங்கள்

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊத்தணும்?" இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நாளைக் கணக்கு வைத்து ஊற்றக் கூடாது என்பதே பதில். விரலைக் கலவைக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடி ஓட்டையால் தண்ணீர் வடியும் வரை நன்றாக ஊற்றுங்கள். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை தேவைப்படலாம். மழையும் பனிமூட்டமும் உள்ள நாட்களில் நாலு நாள் ஊற்றாமலே இருக்கலாம்.

இலை மஞ்சளாகி, தண்டின் அடி மெத்தென்று கறுத்து, சாடியில் கெட்ட வாடை வந்தால் அது வேர் அழுகல். இலை தொங்குவதைப் பார்த்து, "தண்ணி போதல போல" என்று இன்னும் ஊற்றுவதால்தான் பல செடிகள் சாகின்றன. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் இலை தொங்குகிறது. அப்படிப்பட்ட செடியைச் சாடியிலிருந்து எடுத்து, கறுத்த வேர்களை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நட்டு நிழலில் வைத்தால் பிழைக்க இடமுண்டு.

சாடித் தண்ணீரும் டெங்கும்

டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. சாடித் தட்டில், டின்னில், டயரில் நிற்கும் தெளிந்த தண்ணீரே அதற்குப் பிரியம். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் பல மாதம் சாகாமல் இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தட்டுத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்பக்கத்தைத் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

2017ஆம் ஆண்டு நமது நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நுளம்பு பெருகும் இடங்களை வீட்டிலும் வளவிலும் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி குற்றமாகும். லயத்தில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஒரு வீட்டுத் தட்டில் பொரித்த நுளம்பு பக்கத்துக் காம்பராப் பிள்ளையையும் கடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை இவை. சாடிக்கு அடியில் தட்டு வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் சாடியை வையுங்கள். தண்ணீர் வடிந்து போகும், ஓட்டையும் அடைபடாது. தட்டு வேண்டுமானால் அதை மணலால் நிரப்புங்கள். போத்தல் தண்ணீரில் மணிப்பிளான்ட் வைத்திருப்பவர்கள் கிழமைக்கு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டி, போத்தலின் உட்பக்கத்தையும் வேரையும் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதையும் மண்ணில் நட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பழக்கலாம்.

காய்ச்சல் கண்டால் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்க வேண்டாம். அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, இரத்தம் கசிதல், மயக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் ஆபத்து வரலாம் என்பதால், "காய்ச்சல் விட்டிருச்சு" என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

உரம்

தேயிலைக்குப் போடும் உரத்தை ஒரு கைப்பிடி அள்ளிச் சாடியில் போட்டால் செடி கருகிவிடும். மலையில் மழை உரத்தைக் கரைத்து வேருக்குக் கொண்டு போகிறது. சின்னச் சாடியில் அது வேரிலேயே படிந்து நிற்கும். கலவை உரம் வாங்கியிருந்தால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கிராம் அளவே கரைத்து, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஊற்றலாம். பசுவின் சாணத்தை மூடிய வாளியில் சில நாள் ஊற வைத்து, தெளிந்த நீரில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்தும் ஊற்றலாம். தேத்தண்ணிச் சக்கையைச் சீனி, பால் இல்லாமல் கூட்டுப்பசளைக் குழியில் போட்டு உக்கிய பிறகு பாவியுங்கள். பச்சையாகச் சாடியில் கொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பூச்சியும் நோயும்

இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி இருந்தால், ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் கலந்து துணியால் துடைத்து, சற்று நேரத்தின் பின் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மலைக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குக் கொண்டு வந்து இஸ்தோப்பில் அடிக்கவே கூடாது. பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

பயப்பட வேண்டிய நோய் பக்டீரியாக் கருகல். இலை ஓரத்தில் தண்ணீர் கோர்த்த மாதிரிப் புள்ளிகள் தோன்றி, மஞ்சள் வளையத்தோடு பழுப்பாகிப் பரவும். 1980களில் ஹவாய் தீவுகளில் இந்த நோய் பரவிப் பல அந்தூரியப் பண்ணைகள் அழிந்தன. இதற்கு மருந்தைத் தேடி அலைவதை விட, நோய் கண்ட செடியைச் சாடிக் கலவையோடு அகற்றி எரிப்பதே நல்லது. நோய் கத்தியாலும் தெறிக்கும் தண்ணீராலும் பரவும். ஆகவே ஒரு செடியை வெட்டிய கத்தியைச் சவர்க்காரத்தால் கழுவி நெருப்பில் வாட்டிய பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள்.

பிள்ளைகள் கவனம்

அந்தூரியம் சேம்பு இனத்தைச் சேர்ந்தது. பச்சைச் சேம்பைக் கடித்தால் வாய் எப்படி அரிக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தூரியம், மணிப்பிளான்ட், டிபன்பேக்கியா எல்லாவற்றிலும் அதே மாதிரி ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உண்டு. தவழும் பிள்ளை இலையைப் பிய்த்து வாயில் வைத்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். சாடியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறிக் கடித்துவிட்டால் வாயைத் துணியால் துடைத்து, குளிர்ந்த தண்ணீர் அல்லது பால் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வீக்கம் கூடினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செடியை வெட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது.

பூ வெட்டுதல், குட்டி பிரித்தல்

ஒவ்வொரு புது இலைக்கும் ஒரு பூ வரும். எனவே பச்சை இலைகளை வீணாக வெட்டினால் பூவும் குறையும். நடுத் திரி பாதிக்கு மேல் நிறம் மாறிய பிறகு பூவை வெட்டினால் தண்ணீரில் இரண்டு கிழமைக்குக் குறையாமல் நிற்கும். இளசாக வெட்டினால் சீக்கிரம் வாடும். அடியில் வரும் குட்டிக்கு இரண்டு மூன்று வேர் பிடித்த பிறகே பிரித்து நட வேண்டும்.

"இதுல காசு பார்க்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு நேர்மையான கணக்கைச் சொல்ல வேண்டும். ஒரு செடி வருஷத்துக்கு ஐந்தாறு பூ கொடுக்கும். இருபது செடி வைத்தால் நூறு, நூற்றிருபது பூ. அதாவது கிழமைக்கு இரண்டு பூ. இதை நம்பி ஒரு நாள் பேரைக் கூட விட முடியாது. ஆனால் லயத்தில் பத்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரே நிறத்தில் வளர்த்தால், ஒரு கோயில் திருவிழாவுக்கோ கலியாண அலங்காரத்துக்கோ கொடுக்கக் கூடிய அளவு சேரும். வேர் பிடித்த குட்டிகளையும் சின்னச் சாடியில் வைத்து விற்கலாம். முதலில் பட்டணத்துப் பூக்கடையில் எந்த நிறம் போகிறது, என்ன விலை என்று விசாரித்துவிட்டே கன்று வாங்குங்கள். கடன் பட்டு ஆரம்பிக்க வேண்டாம். ஒரு செடியில் தொடங்கி, அதன் குட்டிகளைப் பெருக்கிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

அழகாக இருக்கிறதே என்று காட்டு ஓர்க்கிட்டுகளைப் பிடுங்கி வந்து வைப்பதும் வேண்டாம். வெசாக் மலர் போன்றவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. காட்டிலிருந்து வந்தவை பெரும்பாலும் சாடியில் பிழைப்பதும் இல்லை.

ஞாபகத்தில் வைக்க

சாடியில் ஐந்தாறு ஓட்டை. அடியில் தட்டுக்குப் பதில் செங்கல்.
மண்ணை இறுக்காமல், மட்டையும் கரியும் செங்கல்லும் சேர்ந்த கலவை.
விரலால் பார்த்த பிறகே தண்ணீர்.
கிழமைக்கு ஒரு தடவை தட்டு, போத்தல் எல்லாம் தேய்த்துக் கழுவுதல்.
மருந்துக் கேனும் மலை மருந்தும் வீட்டுக்குள் வேண்டாம்.
செடி பிள்ளைக்கு எட்டாத இடத்தில்.

இந்த ஆறையும் கடைப்பிடித்தால் செடி அழுகாது, நுளம்பும் பெருகாது. இந்தக் கட்டுரையை வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் பக்கத்துக் காம்பராக்காரருக்கும் வாசித்துக் காட்டும்படி பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறோம். முதலில் இன்றைக்கே உங்கள் இஸ்தோப்பிலுள்ள சாடிகளைத் தூக்கி, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.